பீங்கான் உடைகிற கணக்கு

செப்டம்பர் வந்தால் ஓர் இரவை ஒதுக்கி வைத்துவிடுவேன். மண்டபத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, தேநீர் ஊற்றிக்கொண்டு, சர்ச்சில் சைனா என்ற இங்கிலாந்துப் பீங்கான் நிறுவனத்தின் அரையாண்டு அறிக்கையைச் சமையலறை மேசையில் விரித்து உட்காருவேன். பக்கத்தில் பென்சில், கால்குலேட்டர், போன வருட அறிக்கை. ஜனவரி தொடங்கி ஜூன் 30 வரைக்குமான கணக்கு அது. என்னிடம் இருப்பது முந்நூறு பங்குகள். முந்நூறு பங்குக்கு இந்தப் பாடா என்று மனைவி கேட்பாள். பங்குக்காக மட்டும் என்றால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் 26 வருடமாக என் கை தொட்டுவரும் பொருளின் கணக்கு அது. அதை எப்படிப் படிக்காமல் விடுவது?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சாப்பிடும் தட்டையே பீங்கான் என்போம். 1999-இல் லண்டனுக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் பீங்கான் கழுவுவது. இயந்திரத்தின் ஒரு வாயில் எச்சில் பீங்கான் போகும். மறுவாயில் ஆவி பறக்க வெளியே வரும். இருபது இருபதாக அடுக்க வேண்டும். கை பொறுக்காத சூடு. அங்கே எனக்கு வேலை பழக்கிய முதியவர் சொன்ன முதல் பாடம், அடுக்குவதற்கு முன் தட்டிப் பார் என்பது. நடுவிரலை மடக்கி விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு தட்டு. நல்ல பீங்கான் மணிபோல ஒலிக்கும். ஒலி கொஞ்ச நேரம் இழுபடும். மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் 'டக்' என்று அந்த இடத்திலேயே செத்துவிடும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுன்னாகம் சந்தை நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா சட்டி வாங்கும்போது ஒவ்வொன்றையும் காதோரம் தூக்கித் தட்டிப் பார்ப்பார். மண் வேறு, சூளை வேறு, சோதனை ஒன்றுதான்.

தட்டிப் பார்த்த பிறகு பெருவிரலால் விளிம்பைச் சுற்றி ஒரு தடவு. சிப்பு, அதாவது விளிம்பில் துணுக்குப் பெயர்ந்த இடம் இருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். சிப்பு விழுந்த இடத்தில் மெருகு போய் உள்மண் வெளியே தெரியும். அதில் அழுக்குத் தங்கும். அந்தப் பீங்கானில் யாருக்கும் சாப்பாடு வைக்கக் கூடாது. ஓரமாக ஒரு நீலத் தொட்டி இருந்தது. அதற்குள் போட வேண்டியதுதான். ஒரு நாள் இரவு அந்தத் தொட்டிக்குள் கிடந்த ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சர்ச்சில் என்றும் இங்கிலாந்து என்றும் முத்திரை. இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊர்க்காரர்களுக்கு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் தட்டைக் கவிழ்த்து முத்திரை பார்க்கும் பழக்கம் உண்டு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் பிறக்காமலே எனக்கும் அது தொற்றிவிட்டது.

இந்த நிறுவனத்தின் கணக்கைப் படிக்க அந்த நீலத் தொட்டிதான் எனக்கு வழி காட்டியது. சர்ச்சில் 1795-இல் தொடங்கியது. ஸ்டோக்கின் ஆறு ஊர்களில் ஒன்றான டன்ஸ்டலில் தொழிற்சாலை. வீட்டுக்குப் பரிசாக வாங்கும் பீங்கான் அவர்களுடைய முதன்மை வியாபாரம் இல்லை. ஹோட்டல், உணவகம், மதுக்கடை இவற்றுக்குத்தான் விற்கிறார்கள். பாதிக்கு மேல் கடல் கடந்து போகிறது. ஒரு புதிய உணவகம் திறக்கும்போது ஒரு பெரிய விற்பனை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் உடைந்ததற்கு ஈடாக அதே வகை, அதே அளவு, அதே நிறத்தில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஈட்டு விற்பனைதான் தங்கள் வியாபாரத்தின் அடித்தளம் என்று நிறுவனமே அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. நீலத் தொட்டி நிரம்புவதை எத்தனை இரவு பார்த்தவன் நான்.

இப்போது நான் ஒரு கலியாண மண்டபத்தில் பொருட்களஞ்சியப் பொறுப்பில் இருக்கிறேன். 27 சென்ரிமீற்றர் பீங்கான் மட்டும் 1,200 வைத்திருக்கிறோம். உடைவுக் கணக்குக்கு என்று தனியாகக் கொப்பி ஒன்று. சாதாரண வருடத்தில் 150-ஐ ஒட்டி உடையும். அதிலும் பெரும்பங்கு இரவு பதினொரு மணிக்குப் பிறகு, களைத்துப்போன பிள்ளைகள் இருபதை ஒரே கையில் தூக்க முயலும் நேரத்தில். யாரையும் நான் கடிந்துகொள்வதில்லை. பதினாறு மணி நேரம் நின்ற காலின் கணக்கு அது.

பள்ளியில் உயர்தர வகுப்பில் நான் வர்த்தகப் பிரிவு. கணக்கியல் படிப்பித்த ஆசிரியர், ஓர் ஐந்தொகை, அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு, கையில் கிடைத்தால் இலாபத்தைக் கடைசியில் பார், முதலில் காசும் சரக்கும் எவ்வளவு கையிருப்பில் என்று பார் என்பார். அப்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அதன் முழுப் பொருளும் 2020-இல்தான் விளங்கியது.

அந்த வருடத்து அரையாண்டை நான் மறக்க மாட்டேன். மார்ச் 20 மாலை, உணவகங்களையும் மதுக்கடைகளையும் மூடச் சொல்லி அரசு அறிவித்தது. இங்கிலாந்தில் அவை மறுபடி திறந்தது ஜூலை 4. அரையாண்டு முடிந்தது ஜூன் 30. நான்கு நாள் இடைவெளி! ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஒரு பீங்கான்கூட உடையவில்லை. உடையாததால் யாரும் வாங்கவும் இல்லை. எங்கள் மண்டபத்தில் என் கொப்பியின் ஏப்ரல், மே, ஜூன் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1,200 பீங்கானும் அலமாரியில் அடுக்கியபடி தூசி பிடித்தன. நானும் அரசு தந்த 80 சதவீதச் சம்பளத்தில் வீட்டில் இருந்தேன். டன்ஸ்டலிலும் ஆட்கள் அப்படித்தான் வீட்டில் இருந்தார்கள்.

2019-இல் சுமார் 67 மில்லியன் பவுணாக இருந்த விற்பனை 2020 முழுவதற்கும் சுமார் 36 மில்லியனாக விழுந்தது. பங்கு ஆதாயம் நிறுத்தப்பட்டது. அன்றைக்கு நான் அறிக்கையில் தேடியது இலாபத்தை அல்ல. காசு எவ்வளவு இருக்கிறது, வங்கிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இரண்டைத்தான். வங்கியின் கழுத்துப் பிடி இல்லாத நிறுவனமாக இருந்ததால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க முடிந்தது. நல்ல காலத்தில் 'இவ்வளவு காசை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள், பங்குதாரருக்குக் கொடுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆறு மாதத்தைப் பார்த்த பிறகு நான் ஒருபோதும் அப்படிக் கேட்க மாட்டேன்.

அதற்கு முந்திய வருடம், 2019 வசந்தத்தில், அதே டன்ஸ்டலில் இருந்த டட்சன் நிறுவனம் மூடிவிட்டது. 200 வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது அது. ஹோட்டல் பீங்கான்தான் அவர்களுக்கும் தொழில். சர்ச்சில் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. இப்போது டட்சன் முத்திரையோடு வரும் பீங்கானைக் கவிழ்க்கும்போதெல்லாம் மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

இனிச் சரக்குக் கையிருப்புக்கு, அதாவது விற்காமல் களஞ்சியத்தில் இருக்கும் பீங்கானுக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், இதுதான் முக்கியமான இடம்.

ஒரு பீங்கான் எப்படி உருவாகிறது? கோர்ன்வோலின் வெள்ளை மண்ணும் தென்மேற்கு இங்கிலாந்தின் பசைமண்ணும் மற்றக் கனிமப் பொடிகளும் கலந்து, அச்சில் வார்த்து அல்லது அழுத்தி, காயவைத்து, 1,200 பாகை அளவுச் சூட்டில் முதற்சூளை வைப்பார்கள். அந்தச் சூட்டில்தான் மண் கண்ணாடிபோல இறுகி, தண்ணீரை உறிஞ்சாத தன்மை பெறுகிறது. பிறகு மெருகு பூசி, குறைந்த சூட்டில் இரண்டாம் சூளை. விலையுயர்ந்த வகைகளுக்கு விளிம்பில் கையால் நிறம் கொடுக்கிறார்கள். 'ஸ்டோன்காஸ்ட்' என்ற வகையை நீங்கள் கட்டாயம் ஏதாவது ஒரு உணவகத்தில் பார்த்திருப்பீர்கள்: புள்ளி விழுந்த நிறம், விளிம்பில் பழுப்புக் கோடு. இரண்டு பீங்கான் ஒரேமாதிரி இருக்காது, கை வேலை என்பதால்.

இதில் சூளைதான் கணக்கின் நெஞ்சு. பெரிய சூளையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. குளிரவும் மறுபடி சூடேறவும் நாட்கணக்காகும், எரிவாயு வீணாகும், உள்ளே இருக்கும் செங்கல்லும் பழுதாகும். அதனால் பாதி நிரம்பிய சூளையும் நிறைந்த சூளையும் ஏறத்தாழ ஒரே அளவு எரிவாயு குடிக்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சூளை, கட்டடம், நிரந்தர ஆட்கள் எல்லாம் சேர்த்து மாதம் 100,000 பவுண். வழக்கமாக 200,000 பீங்கான் சுட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 பென்ஸ் விழும். விற்பனை மந்தம் என்று 150,000 மட்டும் சுட்டால்? செலவு அப்படியே 100,000. ஆனால் கணக்கியல் விதி என்ன சொல்கிறது என்றால், கையிருப்பில் வைக்கும் பீங்கானின் மதிப்பில் வழக்கமான உற்பத்திக்குரிய 50 பென்ஸுக்கு மேல் ஏற்ற முடியாது. 75,000 பவுண்தான் பீங்கானோடு போகும். மிச்சம் 25,000 பவுண் அந்த மாதச் செலவாக நேரே இலாபத்தில் வெட்டு விழும்.

அதனால்தான் விற்பனை ஐந்து சதவீதம் குறைந்தது என்று அறிக்கை சொல்லும்போது இலாபம் அதைப்போலப் பல மடங்கு குறைந்து நிற்கிறது. பத்திரிகைக்காரர் 'இலாபம் சரிவு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஐந்தொகையில் கையிருப்பு என்ன ஆனது என்று பார்த்தால்தான் உள்விஷயம் புரியும். கையிருப்பைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் வேண்டுமென்றே சூளையைக் குறைத்திருந்தால், இலாபம் அசிங்கமாகத் தெரியும், காசு நன்றாக இருக்கும். மாறாக விற்காத பீங்கானைச் சுட்டுச் சுட்டுக் களஞ்சியத்தில் நிறைத்தால், செலவெல்லாம் ஐந்தொகைக்குள் போய்த் தூங்கும், இலாபம் அழகாகத் தெரியும், காசு கரையும். இரண்டாவது வகை அறிக்கையைப் பார்த்து ஏமாறுவதைவிட முதல் வகையைப் பார்த்துக் கவலைப்படுவது எவ்வளவோ மேல்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் கையிருப்பே இல்லாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை எனக்கு முப்பது பீங்கான் குறைகிறது, சனிக்கிழமை கலியாணம் என்றால், அதே வகை முப்பது உடனே வர வேண்டும். வராவிட்டால் நான் வேறு நிறுவனத்துக்கு மாறுவேன். மாறினால் 1,200-ஐயும் மாற்றுவேன். எனக்காக எங்கோ ஒரு களஞ்சியத்தில் முப்பது பீங்கான் காத்திருப்பதும் அந்த ஐந்தொகைக்குள்தான் இருக்கிறது.

அரையாண்டு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாப் பீங்கான் நிறுவனத்துக்கும் அது ஒரே அர்த்தம் அல்ல. ஸ்டோக்கிலேயே இருக்கும் போர்ட்மீரியன் வீடுகளுக்கு விற்கிறது. 2009-இல் ஸ்போட் என்ற பழைய பீங்கான் நிறுவனத்தின் பெயரையும் வாங்கியது. ஸ்போடின் கிறிஸ்துமஸ் மரப் பீங்கான் 1938-இல் வந்தது. அமெரிக்காவில் இன்றும் விற்கிறது. அந்த நிறுவனத்துக்கு முதல் ஆறு மாதம் எப்போதும் மெலிந்துதான் இருக்கும். வருடத்தின் உயிர் பின்பாதியில். அதைத் தெரியாமல் அரையாண்டை இரண்டால் பெருக்குபவர் தவறாகக் கணிப்பார். ஹோட்டல் பீங்கானுக்கு அவ்வளவு ஏற்ற இறக்கம் இல்லை.

2025-இன் முதல் அரையாண்டுக்கு வருவோம். 2022, 2023 இரண்டிலும் விற்பனை சுமார் 82 மில்லியன் பவுண். 2024-இல் சுமார் 78. 2025-இன் முதல் ஆறு மாதமும் அதே இறக்கத்தில்தான் போனது. விற்பனை குறைந்தது, இலாபம் அதைவிட வேகமாகக் குறைந்தது, இடைக்கால ஆதாயமும் வெட்டப்பட்டது. பங்கின் விலை 2020 தொடக்கத்தில் இருந்ததில் பாதிகூட இருக்கவில்லை.

காரணம் தேட நான் அறிக்கைக்குள் போகவே தேவை இருக்கவில்லை. ஏப்ரலில் எங்கள் மண்டப உரிமையாளரிடம் வழக்கமான ஈட்டுப் பட்டியலைக் கொண்டுபோனேன்: பன்னிரண்டு டசின். வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார்.

"தம்பி, இந்த வருடம் இருப்பதை வைத்துச் சமாளிப்போம். சம்பளக் கணக்கைப் பார்த்தீர்தானே?"

"பார்த்தேன் அண்ணை. ஆனால் ஆயிரத்துக்குக் கீழே போனால் பெரிய கலியாணம் எடுக்க முடியாது."

"ஆயிரத்துக்குக் கீழே போகும்போது வாரும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. தொழில் கொடுப்போர் சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்புறுதி 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதைக் கட்டத் தொடங்கும் வருடச் சம்பள எல்லையும் 9,100 பவுணிலிருந்து 5,000-க்கு இறங்கியது. பகுதி நேரமாக வரும் எங்கள் பரிமாறும் பிள்ளைகள் பலருக்கும் இப்போது கட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? என் பன்னிரண்டு டசின் பீங்கானிலிருந்து வந்தது. நாடு முழுவதும் எத்தனை மண்டபம், எத்தனை உணவகம், எத்தனை மதுக்கடையில் அந்தப் பட்டியல் அப்படித் திரும்பி வந்திருக்கும்! சர்ச்சிலின் பங்குதாரரான நானே அவர்களிடம் வாங்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதே சம்பள உயர்வும் அதே காப்புறுதியும் டன்ஸ்டல் தொழிற்சாலைக்கும் உண்டு. கையால் விளிம்பு தீட்டும் தொழில் அது. ஆட்களைக் குறைத்து அதைச் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் இடி. இன்னொன்றையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்தேன். ஏப்ரல் மாற்றங்கள் முதல் அரையாண்டில் மூன்று மாதத்தை மட்டுமே தொட்டன. பின்பாதியில் ஆறு மாதமும் அந்தச் சுமை இருக்கும். 2025-இன் முழு வருட அறிக்கையை எடுக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

எரிவாயுவைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அரசு பெரிய தொழில்களுக்குத் தரும் எரிசக்திச் சலுகை மின்கட்டணத்தைச் சுற்றியே இருக்கிறது. பீங்கான் சூளை எரிவது எரிவாயுவில். ஸ்டோக் மக்கள் இதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கிடையில் 2024-இல் டன்ஸ்டலில் ஜோன்சன் டைல்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் ஸ்டோக்கின் இன்னோர் ஊரான பர்ஸ்லத்தின் ரோயல் ஸ்டஃபோர்ட் பீங்கான் நிறுவனம் விழுந்தது. ஏப்ரல் முடிவில் மூர்கிராஃப்ட் என்ற பீங்கான் நிறுவனம் மூடியது. நிறுவியவரின் பேரன் வாங்கித் திறந்ததால் அது மட்டும் பிழைத்தது. 'போட்டியாளர் மூடினால் சர்ச்சிலுக்கு நல்லதுதானே' என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. சர்ச்சிலின் கையில் ஃபர்லாங் மில்ஸ் என்ற, மண் அரைத்துக் கலந்து கொடுக்கும் ஆலை இருக்கிறது. ஸ்டோக்கின் மற்றத் தொழிற்சாலைகளும் அங்கே மண் வாங்குவார்கள். ஒவ்வொரு சூளை அணையும்போதும் அந்த ஆலைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். சூளை பழுது பார்ப்பவர், அச்சுச் செய்பவர், மெருகு கலப்பவர் எல்லாருக்கும் அப்படித்தான். ஊரோடு ஊராக நின்று செய்கிற தொழில் இது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் குயவர் தனியாகப் பிழைத்ததை யாராவது கண்டதுண்டா?

இரண்டு வருடத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் பழைய பீங்கான் தொழிற்சாலைக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். போத்தல் வடிவத்தில் கரிய செங்கல் சூளைகள் முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. ஒரு காலத்தில் அந்த ஊர்களில் இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தனவாம். இன்று ஐம்பதுக்கும் குறைவு. ஒன்றின் உள்ளே போய் நின்றோம். சுவரில் கைவைத்தேன். குளிர்ந்து கிடந்தது. எவ்வளவு சூடு தாங்கிய கல்! மகள் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. வீட்டில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

பங்கை விற்றுவிடலாமே என்று மனைவி இந்த முறையும் கேட்டாள். "ஆதாயத்தையும் குறைத்துவிட்டார்கள், விலையும் இல்லை. இன்னும் என்ன பார்க்கிறீர்கள்?" மூன்று விடயத்தைச் சொன்னேன். கடனில் மூழ்காத நிறுவனம். ஆதாயத்தைக் கடன் வாங்கிக் கொடுக்காமல் குறைத்துக் கொடுக்கும் நேர்மை. இன்று திரும்பிப்போன பட்டியல்கள் எல்லாம் ஒரு நாள் திரும்பி வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பீங்கான் உடைவதை எந்த உரிமையாளரும் தள்ளிப்போட முடியாது. வாங்குவதைத்தான் தள்ளிப்போட முடியும். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு விற்பதுதான் சரி என்று படுகிறது. அவள் சொல்வது சரியாகவும் போகலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்தில் தனியாக இருந்து 27 சென்ரிமீற்றர் பீங்கான் எல்லாவற்றையும் எண்ணினேன். ஒவ்வொன்றையும் தட்டி, விளிம்பு தடவி, ஒதுக்க வேண்டியதை ஒதுக்கி முடிக்க நான்கு மணி நேரம். நல்லது 987. இன்று காலை அந்த எண்ணை எழுதிய தாளோடு அண்ணையிடம் போனேன். தை மாதத்தில் மூன்று பெரிய கலியாணம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். பன்னிரண்டு டசின் கேட்டேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை எடுத்து ஐந்து டசின் என்று திருத்திக் கையெழுத்து வைத்தார்.